பிரிவும் முறிவும்: மணவாழ்வுச் சட்டச் சொற்களின் வரலாறு

கடையெழு வள்ளல்களுள் ஒருவனாகிய வையாவிக் கோப்பெரும் பேகன் மயிலுக்குப் போர்வை ஈந்தவன் என்பது பள்ளிப் பிள்ளைகளும் அறிந்த செய்தி. அவன் தன் மனைவி கண்ணகியைத் துறந்து வேறொருத்தியை நாடி வாழ்ந்தான் என்பது அத்துணை பரவலாக அறியப்படாத செய்தி. புறநானூற்றின் 143 முதல் 147 வரையுள்ள ஐந்து பாடல்கள் இதனையே பொருளாகக் கொண்டவை. கபிலரும் பரணரும் அரிசில் கிழாரும் பெருங்குன்றூர் கிழாரும் பேகனிடம் சென்று, தமக்குப் பரிசில் வேண்டாம், தேரைப் பூட்டி மனையாளிடம் செல்வதே தாம் வேண்டும் பரிசில் என்ற கருத்துப்பட இரந்து நின்றனர். தொகுத்தோர் இப்பாடல்களைப் பெருந்திணையில் அடக்கினர். துறந்த கணவனை மீண்டும் மனைவியோடு சேர்க்கப் புலவர் நால்வர் முயன்ற இந்நிகழ்ச்சியை இன்றைய சட்டமொழியிற் கூறின், அது ‘மணவாழ்வுரிமை மீட்பு’ வேண்டிய வழக்கு. வேறுபாடு ஒன்றுண்டு. புலவர்கள் ஆணை நோக்கி வழக்குரைத்தனர். பத்தொன்பதாம் நூற்றாண்டில் அதே பெயரால் நீதிமன்றம் ஏறிய புகழ்பெற்ற வழக்கோ பெண்ணை நோக்கியது. அதனைப் பின்னர்க் காண்போம்.

மணவாழ்வின் முடிவைக் குறிக்கும் சொற்கள் தமிழில் எவ்வாறு வந்தன, எவ்வாறு மாறின என்பதைச் சட்டநூலார் ஆராய்வது அரிது. இலக்கியத்தாரோ அதனைத் தம் எல்லைக்குப் புறம்பானது என ஒதுக்கிவிடுகின்றனர். ஆயினும் நீதிமன்றத்தின் படியேறும் ஒரு பெண், தான் கேட்பது இன்னதென்று அறிந்து கேட்கிறாளா, கேட்டது ஒன்று கிடைத்தது மற்றொன்று என நிற்கிறாளா என்பது பெரும்பாலும் சொல்லைப் பொறுத்தே அமைகிறது.

‘பிரிவு’ என்ற சொல்லை முதலில் எடுத்துக்கொள்ளலாம். கவிஞர்களுக்கு இதைவிட நெருக்கமான சொல் வேறில்லை. ஓதல், தூது, பகை, பொருள், பரத்தை எனத் தலைவன் பிரியும் காரணங்களை அக இலக்கணம் வகுத்துக் காட்டுகிறது. பாலைத் திணை முழுவதும் பிரிவின் நிலம். ஆனால் அகமரபின் பிரிவு எதுவாயினும் மீட்சியை உள்ளடக்கியது. கார்ப்பருவம் வந்தால் தேர் திரும்பும். பரத்தையிடம் சென்றவனும் வாயில்கள் வழியாகத் திரும்புவான், ஊடல் தீரும். தோழி, பாணன், பாங்கன் முதலாகத் தொல்காப்பியம் எண்ணும் வாயில்கள் பன்னிருவர். (1984ஆம் ஆண்டின் குடும்ப நீதிமன்றச் சட்டம் வழக்கு விசாரணைக்கு முன் இருவரையும் இணக்கப்படுத்த ஆலோசகர்களை அமர்த்துமாறு கூறியபோது பழைய வாயில்களுக்கே புதுப்பணி வழங்கியது எனலாம். ‘குடும்ப நீதிமன்றம்’ என்று மட்டும் பெயரிட்டது சட்டம். ‘குடும்பநல நீதிமன்றம்’ என நலத்தை இடையில் சேர்த்துக்கொண்டது தமிழ் வழக்கு.) மீளாப் பிரிவுக்கு அகமரபில் பெயரில்லை. இலக்கணம் அதற்கு இடமளிக்கவில்லை.

இலக்கணம் இடமளிக்காததை ஊர் வழக்கு அறிந்திருந்தது. எட்கர் தர்ஸ்டன் 1909இல் வெளியிட்ட தென்னிந்தியக் குலங்களும் குடிகளும் பற்றிய நூலில், மதுரைப் பகுதிச் சமூகம் ஒன்றில் கணவன் மனைவிக்கு ஒரு துரும்பைக் கொடுத்து மணத்தைத் தீர்த்துக்கொள்ளும் வழக்கம் குறிக்கப்பட்டுள்ளது. துரும்பு கொடுத்தல் என்றால் விலக்குதல். துரும்பு வாங்குதல் என்றால் விலக்கை ஏற்றல். ஒரு வைக்கோல் துரும்பில் ஒரு வாழ்க்கை முடிந்தது என்று வருந்துவோர் உளர். வேறொரு கோணத்தில் நோக்கினால், ஊரார் முன்னிலையில், செலவின்றி, ஒரே நாளில், இருவரும் மறுமணத்திற்கு உரியவராயினர். ‘அறுத்துக் கட்டுதல்’ என்ற தொடரும் அவ்வாறே. ஒரு தாலியை அறுத்து மறுதாலி கட்டும் வழக்கமுடைய குடிகளை ஏனையோர் இழிவாகப் பேச இத்தொடரைக் கையாண்டனர். இழிவாகப் பேசியோர் வீட்டில் பெண்ணுக்கு அறுக்கவும் உரிமையில்லை, கட்டவும் உரிமையில்லை. ‘தீர்த்துவிடுதல்’ என்பது மற்றொரு வழக்கு. கடன் தீர்ப்பதற்கும் கணக்குத் தீர்ப்பதற்கும் உரிய வினையே இங்கும் வந்தது. இரு தரத்தாரும் கொடுத்ததையும் வாங்கியதையும் ஊர்ப்பொதுவில் எண்ணிப் பகிர்ந்த பின்னரே மணம் தீர்ந்ததாகும் என்ற உணர்வு இச்சொல்லில் உறைந்துள்ளது.

1955ஆம் ஆண்டின் இந்து திருமணச் சட்டம் இவ்வழக்கங்களை அழித்துவிடவில்லை. அதன் 29ஆம் பிரிவின் இரண்டாம் உட்பிரிவு, வழக்காற்றின்படி மணத்தைக் கலைக்கும் உரிமை தொடரும் என்கிறது. எனினும் அவ்வழக்காறு தொன்றுதொட்டு இடையறாது வந்தது என மெய்ப்பிக்கும் சுமை அதனைச் சொல்பவர்மீது விழும். துரும்புக்கு ஏது பத்திரம்? ஊரார்முன் துரும்பு வாங்கி மறுமணம் புரிந்தவள், பல ஆண்டுகட்குப்பின் சொத்து வழக்கொன்றில் முதல் மணம் தீரவேயில்லை, ஆகவே இரண்டாம் மணம் ‘செல்லா மணம்’ என்று கேட்க நேரலாம்.

இனி ‘விவாகரத்து’ என்ற சொல்லுக்கு வருவோம். இன்று தமிழ்நாட்டில் எழுத்தறியாதவரும் அறிந்த சொல் இது. இதன் முற்பாதி வடமொழி. பிற்பாதியாகிய ‘ரத்து’ அரபு மொழியின் ‘ரத்’ என்பதிலிருந்து உருதுவின் வழியாக வந்தது. திருப்புதல், மறுத்தல் என்பன அதன் மூலப்பொருள். வக்காலத்து, ஜாமீன், வாய்தா, ஜப்தி, அமீனா என நீதிமன்ற வளாகத்தில் இன்றும் உலவும் சொற்களோடு உடன்வந்த உறவு அது. உத்தரவு ரத்தாகும், குத்தகை ரத்தாகும், அவ்வாறே விவாகமும் ரத்தாகும். மணம் என்பது ஏழேழ் பிறவிக்கும் உரிய சடங்கு என்று சாத்திரம் சொல்லிக்கொண்டிருக்க, அதனை ரத்துச் செய்யத்தக்க ஓர் ஏற்பாடாக இச்சொல் ஓசையின்றி மாற்றிவிட்டது. சட்டசபைகள் பல்லாண்டு வாதாடியதை ஒரு கலப்புச்சொல் எளிதாகச் செய்தது.

சட்டம் தாமதமாகவே வந்தது. 1929இல் செங்கற்பட்டில் கூடிய முதல் மாகாணச் சுயமரியாதை மாநாடு, பெண்ணுக்குச் சொத்துரிமையும் ஒவ்வாத மணத்தினின்று விலகும் உரிமையும் வேண்டித் தீர்மானித்தது. 1946இல் மத்தியச் சட்டம் ஒன்று, இந்துப் பெண் சில காரணங்களின்பேரில் கணவனைப் பிரிந்து தனியே வசித்துக்கொண்டே ஜீவனாம்சம் பெற வழிவகுத்தது. மணத்தை நீக்க அது வழிதரவில்லை. பம்பாய் மாகாணம் 1947இலும் சென்னை மாகாணம் 1949இலும் விவாகரத்துச் சட்டங்களை இயற்றின. சென்னைச் சட்டம் இருதார மணத்தைத் தடுத்தலையும் விவாகரத்தையும் ஒரே தலைப்பிற் கொண்டது. நாடு முழுமைக்குமான இந்துச் சட்டத் தொகுப்பு மசோதா தடைப்பட்டதை முன்னிட்டு 1951இல் அம்பேத்கர் அமைச்சர் பதவியைத் துறந்தார். மசோதா பகுதிகளாகப் பிரிக்கப்பட்டு, 1955 மே மாதம் இந்து திருமணச் சட்டம் பிறந்தது.

அச்சட்டம் வகுத்த இரு சொற்களின் வேறுபாடே பலருடைய வாழ்வைத் தீர்மானித்தது. ஒன்று விவாகரத்து, மற்றொன்று ‘நீதிமுறைப் பிரிவு’. இவ்விரண்டாவது சொல் இங்கிலாந்துத் திருச்சபை நீதிமன்றங்களின் வழியே வந்தது. மணம் இறைவன் பிணைத்தது, மனிதன் அவிழ்க்கலாகாது என நம்பிய அந்நீதிமன்றங்கள், கொடுமைக்கு உள்ளானவரைப் ‘பந்தியினின்றும் படுக்கையினின்றும்’ பிரித்துவைத்தன. உண்ணும் இடமும் உறங்கும் இடமும் வேறு. மணம் மட்டும் அப்படியே. 1857இல் இங்கிலாந்துச் சட்டம் அதற்கு நீதிமுறைப் பிரிவு எனப் புதுப்பெயர் சூட்டியது. நூறாண்டுக்குப்பின் அது இந்தியச் சட்டத்தில் 10ஆம் பிரிவாக அமர்ந்தது.

1955இன் சட்டத்தில் கொடுமையும் கைவிடுதலும் நீதிமுறைப் பிரிவுக்கே காரணங்கள். நேராக விவாகரத்துக்குக் காரணங்கள் அல்ல. அஃதாவது, அடிபட்டு வந்து நின்ற பெண்ணுக்குச் சட்டம் முதற்கண் பிரிவை மட்டுமே அளித்தது. பிரிவுத் தீர்ப்புக்குப்பின் ஈராண்டுகள் கூடி வாழாதிருந்தாலே விவாகரத்துக் கேட்கலாம். அதுவரை மணமுமில்லை, மணமின்மையுமில்லை, மறுமணத்திற்கு வழியில்லை. ‘பிரித்துவிடுங்கள்’ என்று கேட்டு வந்தவளுக்குப் பிரிவு கிடைத்தது. அவள் கேட்டது அதுவன்று. 1976ஆம் ஆண்டின் திருத்தமே கொடுமையையும் கைவிடுதலையும் விவாகரத்துக் காரணங்களாக்கியது. இருபத்தோராண்டுக் காலம் ஒரு சொல்லுக்கும் மறுசொல்லுக்கும் இடையே எத்தனை பெண்கள் நின்றனர் என்பதற்குக் கணக்கு எழுதியவர் இல்லை.

முன்னர்ச் சுட்டிய ‘மணவாழ்வுரிமை மீட்பு’ இதனினும் விந்தையானது. இதுவும் திருச்சபை நீதிமன்றங்களின் கொடையே. பிரிந்து சென்ற துணையைத் திரும்பி வந்து வாழுமாறு கட்டளையிடும் இத்தீர்வை 1867இல் இலண்டன் பிரிவி கவுன்சில், முஸ்லிம் தம்பதியர் வழக்கொன்றில், இந்திய நீதிமன்றங்களும் வழங்கலாம் என ஏற்றது. 1884இல் பம்பாயில் தாதாஜி பிகாஜி என்பவர் ரக்மாபாய்மீது இவ்வழக்கைத் தொடுத்தார். பதினோராம் வயதில் மணமுடித்துவைக்கப்பட்ட ரக்மாபாய் அவரோடு ஒருநாளும் குடும்பம் நடத்தியவரல்லர். 1885இல் வழக்கைத் தள்ளுபடி செய்த நீதிபதி பின்ஹே, இவ்வழக்குக்கு ‘மீட்பு’ என்ற பெயரே பொருந்தாது என்றார். இருந்ததையல்லவா மீட்கமுடியும்? சொல்லைக் கொண்டே வழக்கின் அடிப்படையை அசைத்த அத்தீர்ப்பு மேல்முறையீட்டில் நிற்கவில்லை. 1887இல் ரக்மாபாய் கணவனிடம் செல்லவேண்டும், அன்றேல் ஆறுமாதம் சிறை என ஆணை பிறந்தது. சிறைக்கே செல்வேன் என்றார் அவர். இத்தகைய ஆணையை மீறியோரைச் சிறையிலிடும் முறையை இங்கிலாந்து 1884இலேயே கைவிட்டிருந்தது என்பது நினைக்கத்தக்கது. 1888இல் இரண்டாயிரம் ரூபாய் பெற்றுக்கொண்டு தாதாஜி வழக்கைக் கைவிட்டார். ரக்மாபாய் இங்கிலாந்து சென்று மருத்துவம் கற்றுத் திரும்பி, நெடுங்காலம் மருத்துவராகப் பணியாற்றினார். இந்தியாவில் இத்தீர்ப்புக்கான சிறைத்தண்டனை நீங்க 1923ஆம் ஆண்டு வரவேண்டியிருந்தது. அதற்குப் பின்னும் சொத்தை ஜப்தி செய்யும் வழி எஞ்சியிருந்தது.

இங்கிலாந்து 1970இன் சட்டத்தால் இத்தீர்வையே நீக்கிவிட்டது. இந்தியாவில் அது 9ஆம் பிரிவாகத் தொடர்கிறது. 1983இல் ஆந்திரப் பிரதேச உயர்நீதிமன்ற நீதிபதி பி. ஏ. சௌத்ரி, சரிதா – வெங்கடசுப்பையா வழக்கில், ஒரு பெண்ணின் உடல்மீதும் கருப்பைமீதும் அரசு ஆணை செலுத்தலாகாது என்னும் நோக்கில் இப்பிரிவைச் செல்லாததாக்கினார். மறு ஆண்டே உச்சநீதிமன்றம், சரோஜ்ராணி வழக்கில், அது செல்லும் என்றது. நம் வழக்கறிஞர்கள் இதனைச் ‘சேர்ந்து வாழக் கோரும் மனு’ என எளிமையாகக் கூறுவர். கேட்போருக்கு இது ஏதோ இல்லறம் காக்கும் மனுவாகத் தோன்றும். ஆனால் இத்தீர்ப்புக்குப்பின் ஓராண்டு இருவரும் சேரவில்லையெனின், அதுவே விவாகரத்துக்குக் காரணமாகும் என்று 13ஆம் பிரிவு கூறுகிறது. 1964இன் திருத்தத்துக்குப்பின் தீர்ப்பை மதியாதவரும் அதைக் காட்டி விவாகரத்துக் கேட்கலாம். சேர்வதற்கென வைத்த படியே பிரிவதற்கும் படியாயிற்று. கணவன் ‘சேர்ந்து வாழ’ மனு செய்திருக்கிறான் எனக் கேட்டு மகிழும் தாய்மார்களுக்கு இதனை எடுத்துச் சொல்வார் யார்?

பொருள் பற்றிய சொல்லொன்றைத் தவிர்க்கவியலாது. ‘ஜீவனாம்சம்’ வடசொல், ஜீவனத்துக்குரிய அம்சம், வாழ்வதற்குரிய பங்கு என்பது பொருள். தனித்தமிழ் ஆர்வலர் இதற்கு ஈடாகப் ‘பராமரிப்பு’ என்பதை முன்வைப்பதுண்டு. அதுவும் தமிழன்று என்பது ஒருபுறமிருக்க, தோட்டத்தையும் கிணற்று மோட்டாரையும் பராமரிப்பதுபோல் ஒரு பெண்ணைப் பராமரிப்பது என்ற எண்ணத்தை அது தருகிறது. ஈழத்துச் சட்டவழக்கில் பயிலும் ‘தாபரிப்பு’ம் காப்பாற்றுதல் என்ற அளவிலேயே நிற்கிறது. ஜீவனாம்சமோ பங்கு என்கிறது. கொடை என்று கூறவில்லை. தூய்மை கருதி இச்சொல்லை நீக்கினால் அதனுள் இருக்கும் உரிமையும் உடன் நீங்கும். இவ்விடத்தில் வடசொல்லே பெண்ணின் பக்கம் நிற்கிறது என்பதைத் தமிழன்பர்கள் பொறுத்துக்கொள்ளவேண்டும்.

பங்கின் அளவு வேறு கதை. 1898ஆம் ஆண்டின் குற்றவியல் நடைமுறைச் சட்டம் மாதம் ஐம்பது ரூபாய்க்கு மேற்படாமல் என்று வரம்பிட்டது. பின்னாளில் ஐந்நூறாக உயர்ந்த வரம்பு 2001இல் நீக்கப்பட்டது. 1973இன் சட்டத்தில் 125ஆம் பிரிவு, மனைவி என்ற சொல் விவாகரத்துப் பெற்று மறுமணம் புரியாதவளையும் உள்ளடக்கும் என விரித்தது. மணம் முடிந்தபின்னும் ‘மனைவி’ என்ற சொல் அவளுக்கு உரியதாயிற்று! இப்பிரிவின்கீழ்தான் இந்தூரின் ஷாபானு, நாற்பதாண்டு மணவாழ்வுக்குப்பின் வெளியேற்றப்பட்டவர், வழக்குத் தொடுத்தார். மாதம் 25 ரூபாய் என்றது கீழ்நீதிமன்றம். 179 ரூபாய் 20 காசு என்றது உயர்நீதிமன்றம். 1985இல் உச்சநீதிமன்றம் அதனை உறுதிசெய்தது. அதையடுத்து 1986இல் வந்த சட்டமும், 2001இல் அச்சட்டத்துக்கு உச்சநீதிமன்றம் தந்த விளக்கமும் பலரும் அறிந்தவை. 2024 ஜூலை முதல் நாள் முதல் 125ஆம் பிரிவின் இடத்தில் புதிய நடைமுறைச் சட்டத்தின் 144ஆம் பிரிவு நிற்கிறது. அதே மாதத்தில், விவாகரத்தான முஸ்லிம் பெண்ணும் 125ஆம் பிரிவின்கீழ் ஜீவனாம்சம் கேட்கலாம் என உச்சநீதிமன்றம் மீண்டும் தெளிவுபடுத்தியது.

தமிழ் முஸ்லிம்களிடையே வழங்கும் சொற்கள் இவ்வகையில் நுட்பமானவை. கணவன் விடுப்பது தலாக். மனைவி முன்னின்று விடுதலை கேட்பது குலா. இருவரும் ஒத்து விலகுவது முபாராத். யார் தொடங்கினார் என்பதைச் சொல்லே காட்டிவிடுகிறது. ‘விவாகரத்து’ அதனைக் காட்டாது. ஒரே மூச்சில் மும்முறை சொல்லும் தலாக் 2017இல் உச்சநீதிமன்றத்தால் செல்லாததாக்கப்பட்டது. கிறித்தவர்க்குரிய 1869ஆம் ஆண்டுச் சட்டத்தில், கணவனுக்கு மனைவியின் பிறழ்ச்சி ஒன்றே போதும். மனைவியோ கணவனின் பிறழ்ச்சியோடு கொடுமை அல்லது கைவிடுதல் போன்ற வேறொன்றையும் சேர்த்து மெய்ப்பிக்கவேண்டும். இந்தச் சமனின்மை 2001 வரை நீடித்தது.

அண்மைக் காலத்தில் ஏடுகளில் ‘மணவிலக்கு’, ‘மணமுறிவு’ என்னும் இரு தமிழ்ச்சொற்கள் விவாகரத்துக்கு மாற்றாகப் பயில்கின்றன. இரண்டும் ஒன்றெனக் கருதி எழுதுவோர் மிகுதி. ‘விலக்கு’ பிறவினை வழியது. விலக்குபவர் ஒருவர், விலக்கப்படுபவர் ஒருவர் உண்டு. ‘முறிவு’ தன்வினை; கிளை முறிந்தது என்பதுபோல், செய்தவரைச் சுட்டாது. 1955இன் சட்டம் குற்றத்தை அடிப்படையாகக் கொண்டது. ஒருவர் குற்றவாளி, மற்றவர் குற்றமற்றவர் என்று காட்டினாலன்றி விடுதலை இல்லை. அச்சட்டத்துக்கு மணவிலக்கே பொருந்தும். 1976இல் 13ஆ என்னும் பிரிவு இருவர் இசைவால் விலகும் வழியைத் திறந்தபோதுதான் முறிவு என்ற சொல்லுக்கு இடம் பிறந்தது. ஓராண்டு ‘பிரிந்து வாழ்ந்திருத்தல்’ அதற்கு நிபந்தனை. இத்தொடருக்கு 1991இல் உச்சநீதிமன்றம் தந்த விளக்கம் கவிஞர்களுக்கு உரியது: ஒரே கூரையின்கீழ் இருந்தும் கணவன் மனைவியாக வாழாதிருப்பின் அதுவும் பிரிந்து வாழ்தலே. மீளமுடியாதவாறு முறிந்த மணத்தை அக்காரணம் ஒன்றாலேயே முடித்துவைக்கலாம் எனச் சட்ட ஆணையம் 1978இலேயே தன் 71ஆம் அறிக்கையில் பரிந்துரைத்தது. நாடாளுமன்றம் அதனைச் சட்டமாக்கவில்லை. 2023இல் உச்சநீதிமன்றத்தின் அரசியலமைப்பு ஆயம், அரசியலமைப்பின் 142ஆம் உறுப்பின்கீழ்த் தானே அவ்வாறு செய்யலாம் என்று கூறியது. ஆக, ‘மணமுறிவு’ என்ற தமிழ்ச்சொல் முழுப்பொருளில் வாழும் இடம் இன்று டெல்லியில் ஒரே ஒரு கட்டடத்தில்தான் உள்ளது.

சட்டம் அறியாத சொல்லும் ஒன்றுண்டு. கணவனைப் பிரிந்து பிறந்தகத்தில் இருப்பவளை ‘வாழாவெட்டி’ என்பர். ஆண்பாலில் இதற்கு இணையில்லை. நீதிமன்றப் பதிவேட்டில் அவள் மணமானவள். அரசின் உதவித்தொகை விண்ணப்பத்தில் ‘கணவனால் கைவிடப்பட்டவர்’. இரண்டு பெயர்களிலும் அவள் செயலற்றவளாகவே நிற்கிறாள். அவளே விட்டு வந்திருக்கக்கூடும் என்பதற்குப் பெயரில்லை.

பேகனின் மனைவி அவ்வாறு முழுதும் பேசாதிருக்கவில்லை. 144ஆம் பாடலில், மலைநாட்டில் அவனைப் பாடியபோது கண்ணீர் வடித்து நின்ற அவளைக் கண்டு, ‘அவனுக்கு உறவோ’ எனப் பரணர் வினவுகிறார். அவள் விரலால் கண்ணீரைத் துடைத்துக்கொண்டு, தான் அவனுக்கு உறவல்லள் என்கிறாள். தன்னைப்போன்ற ஒருத்தியின் அழகை விரும்பி அவன் நாள்தோறும் அவளூருக்குச் செல்கிறான் என்றும் சொல்கிறாள். உரையாசிரியர்கள் இதனைத் துயரத்தின் மொழியாகவே கொண்டனர். அவள் சொன்னதை அவள் சொன்னவாறே ஒரு கூற்றாக எடுத்துக்கொண்டவர் இலர். புலவர் நால்வரும் அவளைக் கேளாமலே தேர் பூட்டச் சொல்லிப் பேகனிடம் சென்றனர்.